ஒன்பது என்று சொன்ன எட்டு

அத்தியாயம் 4

லிஃப்டில் ஏற மாட்டேன் என்று சொன்னதும் என் மருமகள் படிக்கட்டை அண்ணாந்து பார்த்தாள். ஆறு மாடி.

"கேஸ் முடியறதுக்குள்ள நீங்க முடிஞ்சிடுவீங்க மாமா."

அவள் வாய் அப்படி. கூடவே மூளையும் இருப்பதால் பொறுத்துக்கொள்கிறேன். வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். எனக்கு அந்தப் பெட்டியைத் திறந்து மூடத் தெரியும், அவ்வளவுதான். திருட்டு வண்டி பிடிப்பது என் பிழைப்பு. வண்டி இல்லாத கேஸ் வந்தால் இவளை இழுத்துக்கொண்டு போவேன்.

இப்போது வந்திருப்பதே ஒரு லிஃப்ட் விபத்தை விசாரிக்க. அந்த லிஃப்டுக்குப் புரோகிராம் செய்த கம்பெனியின் கட்டடத்திலேயே லிஃப்டில் ஏற எனக்கென்ன பைத்தியமா? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். எங்களை அழைத்துப் போக வந்திருந்த கட்டம் போட்ட சட்டைக்காரன், லிஃப்ட் பக்கம் திரும்பாமலே என் பின்னால் வந்தான். நானும் படியிலேயே வரேங்கய்யா என்றான். கனத்த உடம்பு. மூன்றாவது மாடியில் அவன் மூச்சு விசில் அடித்தது. பெரியவர்களுக்கு இவ்வளவு மரியாதை தருகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு வேலை கொடுத்தவன் அவன்தான். மாட்டிக்கொண்டிருப்பது அவன் தங்கை.

லிஃப்ட் எப்போது நகர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று உத்தரவு போடுகிற புரோகிராம்களைச் செய்கிறது இந்தக் கம்பெனி. அண்ணன், தங்கை இரண்டு பேரும் இங்கேதான் வேலை பார்த்தார்கள். வேறு வேலை கிடைத்து தங்கை விலகிவிட்டாள். அதற்கப்புறம் ஊரின் இன்னொரு கோடியில் ஒரு கட்டடத்தில், கதவு மூடுவதற்குள் லிஃப்ட் நகர்ந்துவிட்டது. கூரியர் கொண்டுவந்த ஒருவரின் கால் நசுங்கி, ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நகர்வதற்கு முன்னால் கதவு மூடியிருக்கிறதா என்று புரோகிராம் இரண்டு தடவை பார்க்க வேண்டுமாம். அந்த லிஃப்டில் இருந்த புரோகிராமில் இரண்டாவது தடவை பார்க்கிற வேலை காணவில்லை. அதைக் கட்டியவள் தங்கைதான் என்று மேனேஜர் அறிக்கை எழுதி வைத்திருக்கிறார். சாயங்காலம் அது போலீசுக்குப் போகிறது. போனால் அவளைக் கைது செய்வார்கள்.

மேனேஜர் ஒல்லி. உட்கார்ந்தால் வலது கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. மேஜை ஆடுகிறது, மேஜைமேல் தண்ணீர் ஆடுகிறது. அந்த ஆட்டத்தில் ஒரு டைனமோவைக் கட்டிவிட்டால் ஆபீசுக்கே கரண்ட் கிடைக்கும் என்று மருமகள் என் காதில் சொன்னாள்.

அவர் சொன்னது இது. எழுதிய புரோகிராம் அப்படியே ஓடாது. அதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தர இன்னொரு புரோகிராம் வேண்டும். அதன் பெயர் கம்பைலர். அதில் எட்டு, ஒன்பது, பத்து என்று புதிது புதிதாக வந்துகொண்டிருக்கும். எந்த கம்பைலர் கட்டியதோ அது தன் நம்பரை உள்ளே லேபிள் மாதிரி ஒட்டிவிட்டுப் போகும். விபத்து நடந்த லிஃப்டின் புரோகிராமில் ஒன்பது என்று இருக்கிறது. தங்கை விலகிய மறுநாளே ஆபீஸ் முழுக்கப் பத்துக்கு மாறிவிட்டது. அவள் சேருவதற்கு முன்பே எட்டை எல்லா மெஷினிலும் அழிக்கச் சொல்லி அவரே உத்தரவு போட்டாராம். அந்த லிஃப்டின் புரோகிராம் அவள் பொறுப்பு, ஆக ஒன்பது என்றால் அவள் கட்டியது.

அவ்வளவுதானா என்று கேட்டேன். வேறென்ன வேணும் பெரியவரே என்றார்.

"நம்பர் பிளேட்டை மட்டும் பாத்து யாராவது வண்டி வாங்குவாங்களா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் வேலையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்றார். இங்கே கட்டுகிற எந்தப் புரோகிராமும் முதலில் இந்தக் கட்டடத்து லிஃப்டில்தான் ஓடுமாம். அவர்களே ஒரு வாரம் ஏறி இறங்கிப் பார்த்த பிறகுதான் வெளியே போகுமாம். "எங்க உயிரை வச்சு சோதிச்சுத்தான் குடுக்கறோம்" என்றார். இப்போது எந்த லிஃப்டிலும் கை வைக்கக் கூடாது என்று போலீஸ் சொல்லியிருப்பதால் மேலே, லிஃப்டில் புரோகிராமைப் போடுகிற மெஷின் அறையின் சாவி அவர் பையில் இருக்கிறது. தட்டிக் காட்டினார். குடும்பத்தின் மனத்திருப்திக்காகத்தான் எங்களை உள்ளே விட்டாராம். விபத்து நடந்த லிஃப்டின் புரோகிராம், கம்பைலரில் போடுவதற்கு முன்னால் தங்கை எழுதி வைத்துவிட்டுப் போன மூலம், இரண்டையும் ஒரு பென் டிரைவில் போட்டு மருமகளிடம் கொடுத்தார். சாயங்காலத்தைத் தாண்ட முடியாது என்றார்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை கிடைத்தது. லிஃப்ட் வந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும் மணி அடித்தது. கதவு திறந்தது. தாடி வைத்த ஒருவன் போனான், காதில் ஹெட்போன் மாட்டிய பெண் வந்தாள், டீக் கோப்பையோடு மறுபடி தாடி. என்னால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அண்ணன்காரன் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன ஆச்சுங்கய்யா என்று இரண்டு தரம் வந்து கேட்டான். பார்க்கிறோம் என்று மட்டும் சொன்னேன். வேலை முடியாமல் யாரிடமும் எதையும் சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை. வேலை கொடுத்தவனாக இருந்தாலும் அவனுக்கும் வாய் ஒன்று இருக்கிறதே.

"டீயில சக்கரை போட்டேன்னு நான் சொன்னாலும் மாமா குடிச்சுப் பாத்துத்தான் நம்புவார்" என்று மருமகள் அவனிடம் சொல்லி அனுப்பினாள்.

அதில் என்ன தப்பு? ஒரு நாள் போடவில்லை.

லேபிளை மாற்ற முடியுமா என்று அவளைக் கேட்டேன். ஒரு நிமிஷ வேலை என்றாள். பைலைத் திறந்து நம்பரைத் தேடி வேறு நம்பரை அடித்தால் ஆயிற்று. நான் நினைத்தது சரி. நம்பர் பிளேட்டை எவனும் மாற்றுவான். என்ஜின் நம்பரைக்கூடச் சுரண்டிவிட்டு வேறு குத்துவான். நான் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு வெல்டிங்கைத்தான் பார்ப்பேன். பற்றவைக்கிறவனின் கை ஒவ்வொருவனுக்கும் ஒரு மாதிரி. அதை மாற்ற அவனுக்கே தெரியாது.

"இதுல வெல்டிங் மாதிரி ஏதாவது இருக்காம்மா?"

அவள் விரல் நின்றது.  பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"இருக்கு மாமா. உங்க புள்ள இருக்காரு."

புரோகிராம் என்பது பல துண்டுகளாம். ஒவ்வொரு துண்டும் ஒழுங்கான இடத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்பதற்காக கம்பைலர் நடுவில் கொஞ்சம் இடம் விடும். விட்ட இடத்தைக் காலியாக விடாமல் "சும்மா இரு" என்கிற உத்தரவால் நிரப்பும். அந்த உத்தரவு எதுவும் செய்யாது, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். என் மகன் ஞாயிற்றுக்கிழமை சோபாவில் இருப்பது போல என்றாள். பெற்றவன் நான் என்ன சொல்வது? மற்ற கிழமைகளிலும் அப்படித்தான் என்றேன்.

நிரப்புவதில்தான் ஒவ்வொரு கம்பைலரின் கையும் தெரியும் என்றாள். எந்த கம்பைலரையும் நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளலாமாம். தங்கையின் மூலத்தில் இரண்டாவது செக்கை மட்டும் எடுத்துவிட்டு, அதை ஒன்பதில் கட்டி லிஃப்டின் புரோகிராமோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

பார்த்தாள். ஒத்துவரவில்லை.

 அப்படியானால் பத்து. அவள் போன பிறகு யாரோ புதிதாகக் கட்டி, பழைய நம்பரை ஒட்டியிருக்கிறார்கள். பத்தைப் போடு என்றேன். அதற்கு அவள் கணக்கில் கொஞ்ச நேரம் ஆனது, என் கணக்கில் ஒரு யுகம். கண்ணாடிக்கு வெளியே மேனேஜர் கையில் அறிக்கையோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தார்.

பத்தும் ஒத்துவரவில்லை.

"உக்காருங்க மாமா, நீங்க நடக்கற காத்துல எனக்குத் தலைவலிக்குது" என்றாள். நான் உட்காரவில்லை. ஒன்பதுமில்லை, பத்துமில்லை என்றால் இது என்ன வானத்திலிருந்து விழுந்ததா? அவள் ஒரு காகிதத்தை இழுத்துப் படம் போட்டுக் காட்டினாள். ஒன்பதும் பத்தும் இடைவெளி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நீளமாக ஒரே ஒரு "சும்மா இரு" போடும். லிஃப்டின் புரோகிராமில் சின்னச் சின்னதாக ஏழெட்டு.

"நீங்க ஒரு தடவை சும்மா இருன்னு சொல்லிட்டு நிறுத்திக்குவீங்க. அத்தை சும்மா இரு, சும்மா இரு, சும்மா இருன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. இது அத்தை மாதிரி பேசற கம்பைலர் மாமா. ரொம்பப் பழசு."

எட்டை இறக்கினாள். கட்டினாள். இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அச்சு அசல். வித்தியாசம் ஒன்றே ஒன்று, லேபிள். எட்டு கட்டிய புரோகிராமின் நெற்றியில் எவனோ ஒன்பது என்று ஒட்டியிருக்கிறான்.

இந்தத் தங்கை எட்டைக் கண்ணால் பார்த்தது கிடையாது. மேனேஜர் வாயாலேயே சொன்னார். ஆனால் வீட்டிலிருந்து கொண்டுவந்திருப்பாள் என்று அதே வாய் அடுத்த நிமிஷம் சொல்லும். அவளை விடுவிக்க வேண்டுமானால் எட்டை யார் மெஷினில் ஒளித்து வைத்திருக்கிறான் என்று காட்டியாக வேண்டும். மெஷினைத் திற என்றால் எவனும் அழித்துவிட்டுத் திறப்பான். அவனாகவே கையை நீட்ட வேண்டும்.

நான் வெளியே போய், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி பாவமாக நின்றேன். லிஃப்ட் புரோகிராமில் கை வைக்கிறவர்கள் நாலு பேர்தான். மேனேஜர், அண்ணன்காரன், தாடி, ஹெட்போன். வீட்டுக் கம்ப்யூட்டரில் மணி தெரியவே மாட்டேன் என்கிறது, திரை முழுக்கப் பெரிதாக மணி காட்டுகிற மாதிரி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டேன். அதைச் செய்ய எங்கே நேரம் என்றார் மேனேஜர். மருமகள் எட்டிப் பார்த்து, நாலு பேரில் யாருடையது அழகாக இருக்கிறதென்று நான் மார்க் போடுகிறேன் என்றாள். அவ்வளவுதான். போட்டி என்றதும் நாலு பேரும் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு அவரவர் மெஷினில் உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜரும்தான். அவர்தான் முதலில் முடித்தார். பச்சை நிறத்தில் பெரிய பெரிய எண்கள். அண்ணன்காரன் கடைசியாகக் கொடுத்தான். அவசரத்துல பண்ணதுங்கய்யா என்று சிரித்தான்.

மேனேஜராகத்தான் இருக்கும் என்று மருமகளிடம் சொன்னேன். கால் ஆடுகிறது, கையெழுத்துப் போடத் துடிக்கிறார். அவள் நாலு பேர் கொடுத்ததையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். மேனேஜர், பத்து. தாடி, பத்து. ஹெட்போன், பத்து.

நாலாவதைத் திறந்தவள் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சும்மா இரு, சும்மா இரு, சும்மா இருன்னு வருது மாமா. லேபிளும் எட்டுதான். இதுல மாத்தத் தோணல அவருக்கு."

அந்த ஆபீசுக்குள் நுழைந்த பிறகு முதல் தடவையாக உட்கார்ந்தேன்.

தங்கையைக் காப்பாற்ற ஆள் தேடி வந்தவனே அண்ணன்தான். எத்தனையோ பேர் இருக்க, கம்ப்யூட்டரே தெரியாத ஒரு திருட்டு வண்டிக்காரனைத் தேடி வந்தான். அம்மா யாரையாவது பாரு, பாருன்னு அழறாங்க என்றான். யாரையாவது பார்த்துவிட்டான். எதுவும் கண்டுபிடிக்காத ஆளாகப் பார்த்தான். மருமகளை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. விசில் அடிக்கிற மூச்சோடு என் பின்னால் ஆறு மாடி ஏறினானே. மருமகளை அனுப்பி ஹெட்போன் பெண்ணிடம் பேச்சுவாக்கில் கேட்கச் சொன்னேன். விபத்துச் செய்தி வந்த நாளிலிருந்து அவர் படிதான், உடம்பு இளைக்க எக்சர்சைஸ் என்று சொல்கிறார் என்று பதில் வந்தது.

விபத்து நடந்தது ஊரின் இன்னொரு கோடியில். இந்த லிஃப்டைக் கண்டு இவன் ஏன் பயப்படுகிறான்? இங்கே கட்டுவது எல்லாம் முதலில் இந்த லிஃப்டில்தான் ஓடும் என்று மேனேஜர் சொன்னாரே.

மணி அடித்தது. கதவு திறந்தது. தாடி டீயோடு வெளியே வந்தான். நான் மேனேஜர் அறைக்கு ஓடினேன். என் வயதுக்கு அதை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டார். அவர் கால் நின்றுவிட்டது. ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. சும்மா இரு என்று எத்தனை தரம் வருகிறது என்று எண்ணி ஒருவனைப் பிடித்துக் கொடுக்க முடியுமா, போலீஸ் சிரிக்காதா, நல்ல பையன் அவன் என்றார். நானும் அதைத்தான் யோசித்தேன். கோர்ட்டில் என் மருமகள் அத்தை கதையைச் சொன்னால் எடுபடாது. அவனே சொல்ல வேண்டும்.

வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, லிஃப்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். அணைத்துவிட்டேன் என்று அவர் சொன்ன பிறகும், மருமகளை அனுப்பிப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். விளக்கு எரியவில்லை என்றாள். பிறகு தங்கைக்குப் போன் செய்து வரவழைத்தேன். கீழே வாட்ச்மேன் பக்கத்தில் உட்காரு, நான் சொல்கிற வரைக்கும் எழுந்திருக்காதே என்றேன். அதெல்லாம் ஆன பிறகுதான் அண்ணன்காரனை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டேன்.

வந்து நின்றான். முடிஞ்சுதாங்கய்யா என்றான்.

"முடிஞ்ச மாதிரிதான் தம்பி. தங்கச்சி கையெழுத்து ஒண்ணு வேணும்னு மேனேஜர் சொன்னார். வந்துட்டா. கீழ நிக்கறா. லிஃப்ட்ல ஏறி வரச் சொல்லியிருக்கேன்."

முதலில் அவன் முகத்தில் எதுவும் மாறவில்லை. பிறகு, படியில வரலாமே என்றான். ஆறு மாடியாச்சே தம்பி, எதுக்கு அந்தப் பிள்ளையை நடக்க வைக்கறது என்றேன். அவன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் தண்ணீரைப் பார்த்தார்.

அவ்வளவுதான். கதவு சுவரில் மோதித் திரும்பி வந்தது. ஹெட்போன் பெண்ணின் நாற்காலியை இடித்துத் தள்ளிவிட்டு, படிக்கட்டில் அவன் இறங்குகிற சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. அந்த உடம்பு அப்படி ஓடும் என்று நான் நினைக்கவில்லை. நாலாவது மாடியிலிருந்தே கத்தினான்.

"பாப்பா, ஏறாதே! அதுல ஏறாதே!"

எல்லா மாடியிலும் ஆட்கள் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் நாற்காலியைவிட்டு எழுந்தார்.  சொல்ல வேண்டியதை அவன் சொல்லிக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தான்.

நாங்கள் கீழே போய்ச் சேர்ந்தபோது அவன் லிஃப்ட் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தான், கையை இரண்டு பக்கமும் விரித்து, யாரையும் உள்ளே விடாத மாதிரி. தங்கை வாட்ச்மேன் நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவே இல்லை. நான் சொல்லவில்லையே.

அவன் அவளிடம்தான் பேசினான். எங்களைப் பார்க்கவில்லை. கதவு லேட்டாக மூடுகிறது என்று அந்தக் கட்டடத்துக்காரர் தினமும் போனில் திட்டினாராம். ஒரு வாரத்துக்கு மட்டும் இரண்டாவது செக்கை எடுத்துவிடலாம் என்று, மேனேஜருக்குத் தெரியாமல் தன் மெஷினிலேயே கட்டினானாம். அதில் எட்டுதான் இருந்தது. ஓடுகிற எட்டை எதற்கு அழிக்க வேண்டும் என்று விட்டுவைத்திருந்தான். வழக்கப்படி முதலில் இங்கே போட்டுப் பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை. அங்கே கொண்டுபோய்ப் போட்டான்.

"உன்னை மாட்டிவிடணும்னு லேபிளை ஒட்டல பாப்பா. யாரும் கேள்வி கேக்கக் கூடாதுன்னுதான் ஒட்டுனேன். அங்க முன்னாடி ஒன்பதுதான் இருந்தது. அப்புறம் உன் பேரைச் சொன்னாங்க. நீதான் வெளிய போயிட்டியே, அறிக்கையோட போயிடும்னு நினைச்சேன். போலீஸ் வரும்னு நினைக்கல."

இங்கே போட்டதையாவது ஏன் எடுக்கவில்லை என்று மேனேஜர் கேட்டார்.  அண்ணன்காரன் அவர் பையைக் காட்டினான். சாவி உங்ககிட்ட இருக்கே சார் என்றான். கேட்டால் எதற்கென்று கேட்பார்கள்.

தங்கை அழுவாள் என்று எதிர்பார்த்தேன். என் மருமகள்கூடக் கைக்குட்டையை எடுத்துவிட்டாள். அவள் அழவில்லை. கூட்டமாக நின்றிருந்த ஆபீஸ் ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். தாடி, இன்னும் காதிலிருந்து கழற்றாத ஹெட்போன், டீ கொண்டுவருகிற அம்மா.

"என்னை விடுண்ணா. இவங்கள்லாம் தினமும் இதுல ஏறினாங்களே. நீ மட்டும் படியில போனியா?"

அவன் விரித்திருந்த கைகள் மெதுவாக மடியில் விழுந்தன.

மேனேஜர் அறிக்கையை எடுக்க மேலே போக வேண்டியிருந்தது, புதிதாக எழுத. பழக்கதோஷத்தில் அவர் விரல் லிஃப்ட் பொத்தான் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. கையை இழுத்துக்கொண்டு படி ஏறினார். தாடி அவருக்குப் பின்னால். டீ கொண்டுவருகிற அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு அவனுக்குப் பின்னால்.  பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்க அவளுக்குப் பின்னால் என் மருமகள்.